கம்பெனி சொன்னது 24, கைக்கு வாரது 15: கோளாறு வண்டியிலயா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். திருநெல்வேலி பெருமாள்புரத்துல வீடு, மேலப்பாளையத்துல கடை, நாலு மாசம் முன்ன வாங்கின 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர், 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, கம்பெனி சொன்னது லிட்டருக்கு 24 கிலோமீட்டர் சொச்சம், உங்களுக்கு 15 தான் வருது, சர்வீஸ்ல கேட்டா "5,000 ஓடட்டும் சார், தானா ஏறும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க, வண்டி கோளாறா இல்ல நான் ஏமாந்துட்டனான்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா பாத்தா மைலேஜ் ஏன் கம்மின்னு கேட்ட மாதிரி இருக்கு. ஆனா உங்களுக்கு உண்மையில தெரிய வேண்டியது, இந்த 15 வண்டியோட குணமா இல்ல அது ஓடுத ரோட்டோட குணமா, ரெண்டையும் எப்படி பிரிச்சுப் பாக்கதுங்கிறதுதான். நான் டிப்ளமோ ஆட்டோமொபைல் படிச்சிட்டு 22 வருசமா வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்பேனர் பிடிக்கிற ஆளு, சொந்த வண்டிக்கு போட்ட பெட்ரோல் கணக்கெல்லாம் நோட்டுல எழுதி வைக்கிற கிறுக்கும் உண்டு, வீட்டுல அதுக்கு தனியா ஏச்சு வாங்குவேன். உங்க வண்டிய தொட்டுப் பாக்காம கோளாறு இருக்கு, இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினத வச்சுப் பாத்தா 15-ல முக்காவாசிக்கு காரணம் சொல்லிடலாம்.

முதல்ல அந்த 15-யே எனக்கு சந்தேகம். 1,000 ரூவாக்கு போட்டேன், பெட்ரோல் முள்ளு பழைய இடத்துக்கு வாரதுக்குள்ள 150 கிலோமீட்டர் ஓடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. முள்ளு இல்ல கட்டம், எதுவா இருந்தாலும் அத வச்சு மைலேஜ் பாக்கக் கூடாது தம்பி. டேங்குக்குள்ள ஒரு மிதவை கெடக்கும், அது மேடு பள்ளத்துக்கு ஆடும், டேங்கோட வடிவம் நேரா இருக்காது, ஒரு கட்டம் குறையுதுக்குள்ள சில நேரம் 4 லிட்டர் போகும், சில நேரம் 6 லிட்டர் போகும். சரியான முறை ஒண்ணுதான், பெட்ரோல் பங்குல நாசில் தானா கட் ஆகுற வரைக்கும் ஃபுல் பண்ணுங்க, ட்ரிப் மீட்டர சைபர் ஆக்குங்க, ஓட்டுங்க, திரும்ப அதே பங்கு, முடிஞ்சா அதே பம்பு, அதே பக்கம் வண்டிய நிறுத்தி முதல் கட் ஆகுற வரைக்கும் போடுங்க, ஓடின கிலோமீட்டர போட்ட லிட்டரால வகுங்க. இதுலயும் ஒரு லிட்டர் முன்ன பின்ன வரும், நாசில் கட் ஆகுற இடம் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுபோல இருக்காது. 10 லிட்டருக்கு ஒரு லிட்டர் பிசகினா 10 சதவீதம் தப்பு, மூணு டேங்க் சேத்து 90 லிட்டருக்கு ஒரு லிட்டர் பிசகினா ஒரு சதவீதம்தான் தப்பு. அதனால ஒரு டேங்க வச்சு சந்தோசமும் படாதீங்க, வருத்தமும் படாதீங்க. மீட்டர்ல டிஜிட்டலா காட்டுத மைலேஜ் இருக்கே, அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், என் கைக்கு வந்த வண்டிகள்ல 5-ல இருந்து 10 சதவீதம் வரை கூட்டிக் காட்டி பாத்திருக்கேன். ஆனா நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பாக்க அது போதும்.

இப்ப கம்பெனி சொல்லுத நம்பருக்கு வாரேன். ஸ்விஃப்ட் மேனுவலுக்கு 24.8, வேகன் ஆர் 1 லிட்டர் மேனுவலுக்கு 24.35 அப்படின்னு விளம்பரத்துல போடுவாங்கள்ல, அது பொய் இல்ல, அதே நேரத்துல அது நம்ம ஊரு ரோடும் இல்ல. வண்டிய ஒரு ஹாலுக்குள்ள உருளை மேல ஏத்தி நிறுத்தி, சக்கரம் உருளைய சுத்த, புகையில எவ்வளவு கார்பன் வருதுன்னு அளந்து அதுல இருந்து எரிஞ்ச பெட்ரோல கணக்கு போடுவாங்க. நம்ம நாட்டுல அதுக்குன்னு ஒரு ஓட்டம் வச்சிருக்காங்க, ஐரோப்பாவோட பழைய ஓட்டத்த நமக்காக மாத்தினது, மொத்தமே 1,180 செகண்ட், அதாவது 20 நிமிசத்துக்கும் கொஞ்சம் கம்மி, அதுக்குள்ள சுமார் பத்தரை கிலோமீட்டர், அதிகபட்ச வேகம் 90, சராசரி மணிக்கு 32 கிட்ட வரும். ஏசி ஓடாது, காத்து அடிக்காது, குழி இல்ல, மாடு குறுக்க வராது, பின்சீட்டுல மாமியார் கெடையாது. வேகம் கூட்டுத இடம் கூட ரொம்ப நிதானமா இருக்கும், நம்ம டவுன் பஸ் டிரைவரு பாத்தா சிரிச்சிருவாரு. இந்த நம்பரோட பிரயோசனம் ஒரு கார இன்னொரு காரோட ஒப்பிடறதுக்கு, எல்லா வண்டியும் ஒரே பரீட்சைதான எழுதுது. உங்க பாக்கெட்ட கணக்கு போட அது ஆகாது.

நீங்க எழுதினதுல எனக்கு பெருசா பட்ட விசயம் மைலேஜ் நம்பர் இல்ல, போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர், ஒரு வழிக்கு கால் மணி நேரம்னு போகிற போக்குல சொன்னீங்களே, அதுதான். 8 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம்னா சராசரி வேகம் மணிக்கு 16. பரீட்சையில 32. பாதி. உங்க மீட்டர்ல சராசரி வேகம் காட்டுத வசதி இருந்தா அத பாத்துக்கிட்டே வாங்க, ஒரு வண்டியோட மைலேஜ் என்ன வரும்னு சொல்ல எனக்கு ஒரே ஒரு நம்பர்தான் குடுப்பேன்னு நீங்க சொன்னா நான் அந்த நம்பரத்தான் கேப்பேன், எஞ்சின் சைஸ கூட கேக்க மாட்டேன். ஏன்னா சராசரி வேகம் கம்மியா இருந்தா ஒண்ணு நிக்கீங்க, இல்ல நின்னு நின்னு கெளம்புதீங்க, ரெண்டுமே பெட்ரோல குடிக்கிற வேலை. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டயே எடுத்துக்கிடுங்க. நீங்க அந்த வழியாத்தான போவீங்க. கேட்டு மூடினா அஞ்சு நிமிசம், சில நேரம் ஒரு ரயிலு போயி அடுத்த ரயிலுக்கும் சேத்து மூடியே வச்சிருவான், தொறந்த பொறவு ரெண்டு பக்கமும் பைக்கும் ஆட்டோவும் மூஞ்சிக்கு மூஞ்சி வந்து நின்னு இன்னொரு அஞ்சு நிமிசம். 1.2 லிட்டர் எஞ்சின் ஏசிய போட்டுட்டு சும்மா நின்னா மணிக்கு முக்கா லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரை எரியும். ஒரு நாளைக்கு அந்த அரை மணி நேரத்துல 10 நிமிசம் நின்னுக்கிட்டே இருக்கீங்கன்னு வச்சா 0.15 லிட்டர் அப்படியே போச்சு. உங்க 8 கிலோமீட்டருக்கு 15 கணக்குல ஆகுறது 0.53 லிட்டர். அதுல நின்ன பெட்ரோல கழிச்சா 0.38, அதாவது ஓடின தூரத்துக்கு மட்டும் பாத்தா 21 கிட்ட வருது. இது ஒரு பேச்சுக்கு போட்ட கணக்குதான், உங்க வண்டில நிக்கும்போது எவ்வளவு எரியுதுன்னு தனியா அளக்கணும், ஆனா திசை இதுதான். கேட்டு மூடியிருக்குன்னு தெரிஞ்ச உடனே சாவிய திருப்பி ஆஃப் பண்ணுங்க, இப்ப உள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்டார்ட் பண்ணுததுக்குன்னு பெருசா பெட்ரோல் செலவு கெடையாது, ஒரு நிமிசத்துக்கு மேல நிப்போம்னு தெரிஞ்சா ஆஃப் பண்ணினா லாபம்தான். வெயில்ல ஏசி இல்லாம எப்படி உக்கார்றதுன்னு கேட்டா அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, அது உங்க பாடு.

இன்னொண்ணு, நாலு கிலோமீட்டர்ல எஞ்சின் சரியா சூடே ஆகாது. சூடாகாத எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் கொஞ்சம் பெட்ரோல கூட்டித்தான் ஊத்தும், ஆயில் கெட்டியா இருக்கும், கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படித்தான். நம்ம ஊருல மார்கழியில கூட குளிரு ஒண்ணும் இல்லையேன்னு நெனைப்பீங்க, ஊட்டிக்காரன விட நமக்கு நல்லதுதான், ஆனா எஞ்சினுக்கு வேண்டிய சூடு 90 டிகிரி பக்கம், நம்ம 30 டிகிரி அதுக்கு குளிருதான். காலையில ஒரு தடவ, கடையில ஆறு மணி நேரம் நின்னு ஆறின பொறவு சாயந்திரம் ஒரு தடவ, ரெண்டுமே ஆறிப்போன எஞ்சினோட ஓட்டம். இதே வண்டிய தினம் ஊர விட்டு தள்ளி உள்ள ஆலங்குளத்துக்கு ஓட்டுத ஒருத்தர்ட்ட குடுத்தா அவரு 20-க்கு மேல எடுப்பாரு, அவரு கெட்டிக்காரருன்னு அர்த்தம் இல்ல. சிலரு காலையில அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி சூடேத்துவாங்க, அது பழைய கார்புரேட்டர் வண்டி காலத்து பழக்கம், இப்ப அது வெறும் வீண், ஸ்டார்ட் பண்ணி அரை நிமிசத்துல கெளம்பி முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவா போனா போதும்.

ஏசி பத்தி சுருக்கமா சொல்லிருதேன். டவுனுக்குள்ள 10-ல இருந்து 15 சதவீதம் வரை தின்னும், நெடுஞ்சாலையில அதோட பங்கு கம்மி. அக்னி நட்சத்திரத்துல வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள 50 டிகிரிக்கு மேல போயிரும், அந்த சூட்ட ஏசிய வச்சு வெளிய தள்ளுததுக்கு பதிலா நாலு கதவையும் ஒரு நிமிசம் தொறந்து விட்டுட்டு கெளம்புங்க. நாலு கிலோமீட்டர் ஓட்டத்துல கம்ப்ரசர் முழு மூச்சா ஓடுத நேரமே பூரா வழியும் ஆயிருது, அதனால உங்களுக்கு இது மத்தவங்கள விட கொஞ்சம் கூடவே அடிக்கும்.

இப்ப நெடுஞ்சாலை. போன மாசம் நாகர்கோவிலுக்கு கல்யாணத்துக்கு போனோம், அப்பயும் 17 தான் வந்துச்சு, அதுதான் பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எந்த வேகத்துல போனீங்க, வண்டியில எத்தன பேருன்னு எழுதல. ஆனா இப்ப ஆவணி, போன மாசம்னா ஆடி. அங்கனதான் விசயம் இருக்கு. காத்து எதிர்ப்புங்கிறது வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 80-ல போறத 100-ல போனா வேகம் கால் பங்குதான் கூடுது, காத்து எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிரும். சின்ன காருக்கு 80-ல எஞ்சின் செய்யுத வேலையில ஏறக்குறைய பாதி காத்த தள்ளுததுக்கே போகும். இதெல்லாம் அமைதியான காத்துக்கு. நம்ம பக்கம் ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாயிலயும் செங்கோட்டை கணவாயிலயும் மேக்க இருந்து அடிக்கிற காத்து இருக்கே, அத நம்பித்தான முப்பந்தல்லயும் கயத்தாறுலயும் அத்தன காத்தாடிய நட்டு வச்சிருக்கான், அவனுக்கு கரண்ட் குடுக்கிற அதே காத்து உங்க பெட்ரோல திங்கும். எதிர்காத்து 30 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும்போது நீங்க 80-ல போனா காத்தப் பொறுத்தவரை நீங்க 110-ல போறீங்க. மீட்டர் 80-தான் காட்டும். 110-யும் 80-யும் வர்க்கம் பண்ணி வகுத்துப் பாருங்க, எதிர்ப்பு ஏறக்குறைய 1.9 மடங்கு. திரும்பி வரும்போது முதுகுல தள்ளுது, காத்துக்கு நீங்க 50-ல போறீங்க, எதிர்ப்பு 0.4 மடங்கு. போகும்போது போனது வரும்போது வந்துருமேன்னு தோணும், வராது. 1.9-யும் 0.4-யும் கூட்டி ரெண்டால வகுத்தா 1.15, காத்து இல்லாத நாள விட கூடத்தான் நிக்குது. குறுக்க அடிச்சாலும் நஷ்டம்தான்.

என் நோட்டுல ஒரு கணக்கு இருக்கு, என் பழைய ஹேட்ச்பேக், ஆடி மாசம் மத்தியானம் குத்தாலத்துக்கு போகும்போது பாளையங்கோட்டையில இருந்து தென்காசி வரை 17, மறுநாள் அதே ரோட்டுல திரும்பி வரும்போது 24. ஒரே வண்டி, ஒரே நாலு பேரு, ஏசி கூட ரெண்டு நாளும் இல்ல, சாரல் குளிருல எதுக்கு ஏசி. இது டேங்க் கணக்கு இல்ல, மீட்டர்ல பாத்தது, 55 கிலோமீட்டருக்கு டேங்க் கணக்கு பாத்தா நான் மேல சொன்ன ஒரு லிட்டர் பிசகே எல்லாத்தையும் கெடுத்துரும். தென்காசி போகப் போக கொஞ்சம் மேடு, அதுக்கும் ஒரு பங்கு உண்டு, முழுசா காத்து மேல மட்டும் பழிய போட மாட்டேன். ஆனா ஐப்பசியில அதே வழியில போகும்போது 21 வந்திருக்கு, மேடு அப்பயும் அதே மேடுதான. அதனால காவல்கிணறு தாண்டி முப்பந்தல்ல காத்தாடி எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கும்போது அஞ்சு பேரு, டிக்கி நெறைய சாமான், கல்யாண அவசரத்துல 100 வேகம்னா 17 வந்ததுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. எடைக்கு கணக்கு சொல்லணும்னா 50 கிலோவுக்கு சுமார் ஒரு சதவீதம், நாலு ஆளு கூட ஏறினா 5 சதவீதம் போகும்னு வச்சிக்கிடுங்க, டவுன்ல நின்னு நின்னு கெளம்பும்போது இன்னும் கூடப் போகும். வேகத்துக்கு ரூவா கணக்கு பாத்தா இப்படி இருக்கும், நாகர்கோவிலுக்கு 80 கிலோமீட்டர், 80-ல போனா 60 நிமிசம், 100-ல போனா 48 நிமிசம். 24 குடுக்க வேண்டிய வண்டி 20 குடுக்கும்னு வச்சா முக்கா லிட்டருக்கு கொஞ்சம் கொறவா கூட ஆகும், லிட்டர் 100 ரூவான்னா அறுபது எழுபது ரூவாக்கு 12 நிமிசம். அது லாபமா நஷ்டமாங்கிறது உங்க இஷ்டம், அவசரத்துல நானும் அமுக்குவேன்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் எல்லாத்துக்கும் காரணம்னு ரெண்டு பேரு உங்களுக்கு பதில் போட்டிருக்காங்க. இதுல உறுதியா சொல்லக் கூடியது எது, சந்தேகம் எதுன்னு பிரிச்சு சொல்லுதேன். எத்தனால்ல ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோல்ல உள்ளத விட சுமார் மூணுல ஒரு பங்கு கம்மி, இது வேதியியல், இதுல ரெண்டு கருத்து கெடையாது. 20 சதவீதம் கலந்தா 20-ல மூணுல ஒரு பங்கு, 6-ல இருந்து 7 சதவீதம் சக்தி கம்மி. அதுவும் சுத்த பெட்ரோலோட ஒப்பிட்டா, நாம அதுக்கு முன்ன போட்டுக்கிட்டு இருந்ததே 10 சதவீதம் கலந்ததுதான், அதோட ஒப்பிட்டா மூணு நாலு சதவீதம்தான் வித்தியாசம். 2021-ல நிதி ஆயோக் போட்ட அறிக்கையிலயே பழைய கார்களுக்கு 6-7 சதவீதமும், இ10-க்கு வடிவமைச்சு இ20-க்கு ட்யூன் பண்ணின கார்களுக்கு 1-2 சதவீதமும் மைலேஜ் குறையும்னுதான் இருக்கு. உங்க வண்டி புதுசு, 2023 ஏப்ரலுக்கு பொறவு வந்தது, அந்த பெட்ரோலுக்கு ஏத்த ரப்பரும் ட்யூனும் இருக்கும். 24-ல இருந்து 7 சதவீதம் கழிச்சாலும் 22-க்கு மேல நிக்கணும், 15-க்கு வராது. "எனக்கு 30 சதவீதம் இறங்கிட்டு"ன்னு சொல்லுதவங்க பொய் சொல்லுதாங்கன்னு சொல்லல, ஆனா அவ்வளவு இறங்குததுக்கு எத்தனால்ல எடம் இல்ல, வேற ஏதோ சேந்திருக்கணும். பழைய வண்டியில ரப்பர் ட்யூப், கேஸ்கெட் கெடுத பிரச்சனை வேற பேச்சு, அத இதோட கொழப்ப வேண்டாம்.

பங்குல அளவு கொறைக்காங்களோன்னு ஒரு சந்தேகம் கேட்டிருந்தீங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, ஒவ்வொரு பங்குலயும் எடையளவுத்துறை முத்திரை போட்ட 5 லிட்டர் அளவு கேன் வச்சிருக்கணும், கேட்டா உங்க முன்னாடி அளந்து காட்டணும், 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் முன்ன பின்ன போகலாம். அதாவது அரை சதவீதம். ஒரு தடவ அளந்து பாத்துருங்க, மனசுல உள்ள சந்தேகம் தீந்துரும். 500-க்கு போடாம 510-க்கு போடு, விடியக்காலம் குளிர்ச்சியா இருக்கும்போது போடு, இதெல்லாம் எங்க அப்பா காலத்துல இருந்து கேக்கேன், டேங்க் பூமிக்குள்ள கெடக்கு, காலையிலயும் மத்தியானமும் அதோட சூடு பெருசா மாறாது. விலை கூடின உயர்ரக பெட்ரோல் போட்டா மைலேஜ் ஏறும்ங்கிறதும் அப்படித்தான், உங்க எஞ்சின் அத கேக்காதப்ப அது காசுக்கு கேடு.

இனி வண்டியில என்ன கோளாறு இருக்கலாம். புது வண்டிக்கு நான் முதல்ல பாக்கது டயர் காத்து. டிரைவர் கதவ தொறந்தா பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளு கம்மின்னா எவ்வளவு, ஃபுல் லோடுன்னா எவ்வளவுன்னு பிஎஸ்ஐ போட்டிருக்கும், அதுதான் சட்டம், காத்து புடிக்கிற பையன் "எல்லாத்துக்கும் 35 அடிச்சிருதேன் அண்ணாச்சி"ன்னா ஒத்துக்கிடாதீங்க. டயர் ஆறி இருக்கும்போது பாக்கணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. நாலு டயர்லயும் 5 பிஎஸ்ஐ கொறஞ்சா மைலேஜ்ல ஒரு சதவீதம் போகும், அவ்வளவுதான், ஆனா டயர் ஓரம் தேஞ்சு போற நஷ்டம் அத விட பெருசு. நைட்ரஜன் அடிச்சா மைலேஜ் கூடாது. ஏர் ஃபில்டர் அழுக்கானா மைலேஜ் போயிரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, கார்புரேட்டர் வண்டிக்கு அது நெசம், இப்ப உள்ள இன்ஜெக்ஷன் வண்டியில உள்ள வார காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல் ஊத்துறதால இழுவைதான் கொறையும், மைலேஜ் பெருசா மாறாது. ஆயில் விசயத்துல ஜாக்கிரதையா இருங்க, புது பெட்ரோல் எஞ்சினுக்கு கம்பெனி மெலிசான ஆயில்தான் சொல்லும், "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்"னு யாராவது ஊத்திட்டா அது ஒரு பங்க தின்னும்.

அப்புறம் பிரேக். சேரன்மகாதேவியில இருந்து ஒரு வாத்தியார் வண்டி வந்துச்சு, மைலேஜ் 11, ஏற்கெனவே ரெண்டு மூணு இடத்துல காட்டி பிளக் மாத்தி, இன்ஜெக்டர் கழுவி, ஏழாயிரம் எட்டாயிரம் செலவழிச்சிட்டு வந்திருக்காரு. நானும் முதல்ல ஸ்கேனர மாட்டி ஒரு மணி நேரம் தேடினேன், கோளாறு காட்டுத கோட் (code) ஒண்ணும் வரல. சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து எறங்கும்போது முன்பக்க இடது வீல்ல இருந்து ஒரு தீஞ்ச வாடை, கைய பக்கத்துல கொண்டு போக முடியல, மத்த மூணு வீலும் சாதாரணமா இருக்கு. பிரேக் கட்டைய அழுத்துத கேலிப்பரோட பின்னு துருப்பிடிச்சு பிரேக் விடாம புடிச்சிக்கிட்டே இருந்திருக்கு. பின்ன கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டதுக்கு நான் வாங்கினது 400 ரூவா, அடுத்த மாசம் 16 வருதுன்னு போன் பண்ணினாரு. அதுல இருந்து மைலேஜ் கம்ப்ளெயின்ட்டுன்னு யாரு வந்தாலும் ஸ்கேனருக்கு முன்ன வீலத்தான் பாக்கது. நீங்களும் பாக்கலாம், ஒரு 10 கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாம ஓட்டி நிறுத்தி நாலு ரிம்மையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுட்டா அங்கதான் ஆளு ஒளிஞ்சிருக்கான்.

ஓட்டுத விதத்துல ஒரே ஒரு தப்ப மட்டும் சொல்லுதேன், மிச்சமெல்லாம் உங்களுக்கே தெரியும். பாபநாசம் காரையார் பக்கமோ மாஞ்சோலை பக்கமோ போயிட்டு இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டிக்கிட்டு வாரது. அம்பாசடர் காலத்துல அப்பா பெரியப்பா எல்லாம் அப்படித்தான் வந்தாங்க. இப்ப உள்ள எஞ்சின்ல கியர் போட்டபடி ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா கம்ப்யூட்டர் பெட்ரோல சுத்தமா நிறுத்திரும், சக்கரம்தான் எஞ்சின சுத்தும். நியூட்ரல் போட்டா எஞ்சின் அணைஞ்சிரக் கூடாதேன்னு பெட்ரோல் ஊத்திக்கிட்டே இருக்கும். மிச்சம் பிடிக்கோம்னு நெனச்சு செலவும் பண்ணி, பிரேக்கையும் கொதிக்க வச்சு, கொண்டை ஊசி வளைவுல உயிரையும் பணயம் வைக்கிற வேலை. டவுனுக்குள்ளயும் இதே கதைதான், தூரத்துல சிக்னல் சிவப்புன்னு தெரிஞ்சா கியர்லயே கால எடுத்துருங்க, வேகம் நல்லா கொறஞ்ச பொறவு கிளட்ச்ச அமுக்குங்க.

5,000 ஓடினா ஏறும்னு சொன்னாங்களே, அதுல கொஞ்சம் நெசம் இருக்கு. புது எஞ்சின்ல ரிங், சிலிண்டர், பேரிங் எல்லாம் உரசி பதமாகும்போது கொஞ்சம் ஏறும், புது டயரும் தேயத் தேய லேசா உருளும். என் அனுபவத்துல ஒரு கிலோமீட்டர் ஏறினா பெருசு. 15 எந்த ரன்னிங்-இன்லயும் 20 ஆகாது, நாலு கிலோமீட்டர் ஓட்டம் நாலு கிலோமீட்டர் ஓட்டம்தான்.

அதனால நீங்க செய்ய வேண்டியது இது. முதல்ல அந்த முழு டேங்க் முறையில மூணு டேங்க் கணக்கு எடுங்க, கூடவே சராசரி வேகத்தையும் எழுதுங்க. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம விடியக்காலம், காத்து எழும்புததுக்கு முன்ன, டயர்ல சரியான காத்தோட, நீங்களும் இன்னொருத்தரும் மட்டும், கேடிசி நகர்ல மீட்டர்ல காட்டுத மைலேஜ சைபர் ஆக்கிட்டு (இந்த தூரத்துக்கு டேங்க் கணக்கு சரிவராது) நாலு வழிச்சாலையில வள்ளியூர் வரை 75-80-ல சீரா போய் திரும்பி வாங்க, நாப்பது சொச்சம் போக, அதே வர. நாங்குநேரி டோல் காசு தண்டம்தான், அத சோதனைக்கு குடுத்த ஃபீஸுன்னு நெனச்சிக்கிடுங்க. மீட்டர் கூட்டிக் காட்டுத 5-10 சதவீதத்த கழிச்சிட்டுப் பாருங்க, 20-க்கு மேல வந்தா வண்டில ஒண்ணும் இல்ல, உங்க 15 மேலப்பாளையம் ரோட்டோட 15, அதுக்கு சர்வீஸ்காரன்ட்ட போய் சண்ட போட்டு பிரயோசனம் இல்ல. 17-க்கு கீழ வந்தா அந்த கணக்க எழுதி சர்வீஸுக்கு கையில எடுத்துக்கிட்டு போங்க, பிரேக் புடிக்கா, அலைன்மென்ட் சரியா, தெர்மோஸ்டாட் தொறந்தே கெடந்து எஞ்சின் சூடேறாம ஓடுதா, ஆக்ஸிஜன் சென்சார் சரியா சொல்லுதா, இந்த வரிசையில பாக்கச் சொல்லுங்க, வாரண்டியில இருக்குத வண்டிக்கு நீங்களா எதையும் கழட்டாதீங்க. 17-க்கும் 20-க்கும் நடுவுல வந்தா இன்னொரு ஞாயித்துக்கெழம திரும்ப ஓட்டிப் பாத்துட்டு கணக்க இங்கன போடுங்க, நானே பாக்கேன். ரிம்ம தொட்டுப் பாக்கும்போது மட்டும் புறங்கைய பக்கத்துல கொண்டு போய் சூடு பாத்துட்டு தொடுங்க, அன்னைக்கு எனக்கு ரெண்டு விரல் கொப்புளிச்சிட்டு.